பென்சிலும் ஒன்று

பேருந்துப் பணி முடித்த கையோடு
தார்த்து நகரத்துப் பழைய புத்தகக் கடையில்
காளான் நூல் தேடுகிறாள் ஊர்வே.

எதை எடுத்தாலும்
தனக்குத் தெரிந்த காளானையே முதலில் புரட்டுகிறாள்:
பிர்ச் மரத்தடியில் முளைப்பது,
கீறினால் பால் கசிவது.

முதல் நூல் "சுவையானது" என்றது.
கொதிக்கவைத்து நீரைக் கொட்டு என்று சொல்லவில்லை.
மூடிவிட்டாள்.

அடுத்ததில் எல்லாமே கல்யாண ஆல்பம்.
காட்டில் எந்தக் காளான்
முகம் கழுவிக்கொண்டு நிற்கிறது?

அட்டை கிழிந்த மூன்றாவது,
தின்னத்தக்கதையும் கொல்வதையும்
ஒரே பக்கத்தில்
தோளோடு தோள் நிறுத்தியிருந்தது.
ஓரத்தில் யாரோ கிறுக்கியிருந்தார்:
"இடப்பக்கத்தது என்றுதான் நினைத்தேன்.
ஆஸ்பத்திரி. நான்கு நாள்."

பேரம் பேசவில்லை.
பையில் கத்திக்கு அருகே அதைச் செருகிவிட்டு,
பென்சில் இருக்கிறதா
என்று கேட்டாள்.