புதன்கிழமை ஊசி

புதன்கிழமை, பிள்ளைகளுக்கு ஊசி போடும் நாள்.
பணகுடி ஆரம்ப சுகாதார நிலைய வாசலில்
பதினேழு கைக்குழந்தைகள், அத்தனையும் அழுகை.
நாங்கள் உள்ளே போகவில்லை.
சொட்டு மருந்து குடித்த பிள்ளைகள் பக்கம்
அவள் நிற்கக் கூடாது என்று
வேலூர்ச் சீட்டில் இருக்கிறது.
ஆம்புலன்ஸ் ஷெட்டுக்குப் பின்னால்
பைக் மேல் உட்காரவைத்தேன்.

குளிர்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த நர்ஸ்
"குழந்தைய எங்க?" என்றார்.
"இவதாம்மா."
சுயம்புக்கனிக்கு முப்பத்தொன்பது வயது.
மாஸ்க்குக்கு மேல் கண் மட்டும் சிரித்தது.

எலும்புக்குள் இருந்ததையெல்லாம் மருந்து விட்டு எரித்தபோது
அவள் அம்மா வரிசையில் நின்று போட்டுவிட்ட
பழைய ஊசிகளும் சேர்ந்து எரிந்துபோயின.
தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி
ஒன்றையும் இப்போது அவள் ரத்தத்துக்கு அடையாளம் தெரியாது.

எனக்கு வேலை காற்றாலையில்.
எண்பது மீட்டர் ஏறி கிரீஸ் வைப்பேன், போல்ட் முறுக்குவேன்.
ஆனி ஆடியில் கணவாய் வழியே வரும் காற்றில்தான்
பதினான்கு வருஷமாக எங்கள் அடுப்பு எரிந்தது.
அந்தக் காற்றை வீட்டுக்குள் விடக் கூடாது என்றார்கள்.
செம்மண் தூசியில் பூஞ்சை இருக்குமாம்.
ஜன்னல் இடுக்குக்கெல்லாம் டேப் ஒட்டினேன்.
பிச்சிப்பூ கூடாது. பச்சை வெங்காயம் கூடாது.
டியூட்டி முடிந்து வந்தால் வெளிக்குழாயில் குளித்துவிட்டுத்தான்
நிலையைத் தாண்டுவேன்.
"யார் வீட்டுக் கேதத்துக்குப் போய்ட்டு வாரிய?" என்பார் எதிர்வீட்டுக்காரர்,
தினமும்.

பால்துரையைப் பற்றியும் சொல்ல வேண்டும்.
அவளுடைய அண்ணன்.
காற்றாடி நிற்கும் நாற்பது சென்ட்டுக்குக்
கம்பெனி கொடுத்த பணத்தை முழுசாக விழுங்கினவன்.
ஏழு வருஷமாக வள்ளியூர் கோர்ட்டில் வாய்தா.
அவன்தான் பத்துக்குப் பத்து பொருந்தினான்.
போனில் நான் "மச்சான்" என்றதும்
கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
பிறகு, "எந்த ரயிலு?"
இரண்டு கையையும் நீட்டி ஐந்து மணி நேரம்
மெஷின் பக்கத்தில் கிடந்தான்.
மூக்கு அரித்தது அவனுக்கு.
நான்தான் சொறிந்துவிட்டேன்.

தக்காளி ரசம் நிறத்தில் ஒரு பை,
முக்கால் மணி நேரத்தில் இறங்கி முடிந்தது.
அதற்கப்புறம்தான் எல்லாம்.

பதினோராம் நாள் ராத்திரி
வாயெல்லாம் புண், எச்சில் விழுங்க வழியில்லை.
"போதும், என்னைய ஊருக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று
ஒரு தாளில் எழுதிக் காட்டினாள்.
மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
பையை எடுத்துத் துணிகளை மடித்து அடுக்கினேன்,
சேலை, துண்டு, அவளுக்கு இனித் தேவையில்லாத சீப்பு.
பார்த்துக்கொண்டே இருந்தவள் தூங்கிப்போனாள்.
விடியும் முன்னே ஒவ்வொன்றாக எடுத்து
இருந்த இடத்திலேயே வைத்தேன்.
காலையில் இரண்டு பேரும் அதைப் பேசவில்லை.
இன்றுவரை பேசவில்லை.

இப்போது அவள் ஓ பாசிட்டிவ். லைசென்ஸில் இன்னும் பி.
"அவன் ரத்தம்லா எனக்குள்ள ஓடுது,
நான் அவன்மேல கேஸ் நடத்தலாமான்னு
வக்கீல்ட்ட கேட்டுட்டு வாங்க" என்றாள்.
கேட்டேன். வக்கீல் சிரிக்கவில்லை.
பதினெட்டாம் தேதி வாய்தா.

நர்ஸ் புது அட்டை எடுத்தார்.
முன்பக்கத்தில் ஒரு குழந்தை படம்.
எடை என்ற கட்டத்தில் கொஞ்சம் தயங்கி
நாற்பத்தொன்று என்று எழுதினார்.
"தேய்க்காதீங்க. ராத்திரி காய்ச்சல் அடிக்கும்,
அடிச்சா நல்லதுதான்."

நூறைத் தொட்டால் ஓடு என்று
ஒரு வருஷம் தெர்மாமீட்டரோடு படுத்தவன் நான்.
அன்றைக்குத்தான் முதல் தடவையாக
காய்ச்சல் வரட்டும் என்று காத்திருந்தேன்.
பத்து மணிக்கு மாத்திரையைப் பாதியாக உடைத்தேன்.
"முழுசா தாங்க, நான் என்ன பச்சப்பிள்ளையா?" என்றாள்.

ஒன்றரை மணிக்குத் தொண்ணூற்றொன்பது புள்ளி ஆறு.
டேப் ஒட்டிய கண்ணாடிக்கு அப்பால்
காற்றாடிகளின் சிவப்பு விளக்குகள்
அணைந்து அணைந்து எரிந்தன.
கழுத்தடியில் கை வைத்துப் பார்த்தேன்.
சூடுதான்.
எடுக்க மனசில்லாமல் அப்படியே வைத்திருந்தேன்.