இரண்டு பதினாறு

அம்பாசமுத்திரம் தாலுகா ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையில் பன்னிரண்டு வருசம்.
பக்கத்துக்கு இரண்டு ரூபாய்,
முன்னும் பின்னும் என்றால் மூன்று.
ஊர்ப்பட்ட பட்டா, வாரிசுச் சான்று, பங்காளி வழக்கு
எல்லாம் என் கண்ணாடிமேல் குப்புறப் படுக்கும்.
வெளிச்சம் ஒருதரம் தடவிப் போகும்.
யார் தாளையும் நான் வாசித்ததில்லை.

இதை வாசித்தேன்.

நாலாம் வகுப்பு நம்பிராஜன்
வகுப்பாசிரியை கையைக் கடித்தான்.
உண்மைதான். தடத்தைப் பார்த்தேன்.
என் பிள்ளையின் பல்தான்,
மேல்வரிசையில் ஓர் இடைவெளி,
போன வாரம் விழுந்தது.
வலிச்சிருக்கும் டீச்சர், மன்னிச்சிருங்க என்றேன்.
இப்போதும் சொல்கிறேன்.

தாளில் இல்லாதது இது.
ஆடியில் புது மணி மாட்டினார்கள்,
கரண்டில் அலறுகிற மணி,
அவன் பெஞ்சுக்கு நேர் மேலே.
பழையது வெறும் தண்டவாளத் துண்டு.
வாட்ச்மேன் சுடலைக்கண்ணு அடிக்குமுன்
சன்னல் வழியே இவனைப் பார்த்துக் கையைத் தூக்குவார்.
இவன் காதைப் பொத்துவான்.
அப்புறம்தான் அடி.
யாரும் எழுதித் தராத ஏற்பாடு.
ஆனியோடு அவர் ரிட்டையர்டு.

மணி அலறியது. மேசைக்கடியில் போனான்.
இழுத்தார்கள்.
கடித்தான்.
அவர்கள் எழுதிய கதை
கடைசி வரியில் தொடங்குகிறது.

தலைமையாசிரியர் நல்ல மனுசர். டீ வரவழைத்தார்.
'பெற்றோரின் சொந்த விருப்பத்தின் பேரில்
மாற்றுச் சான்றிதழ்' என்று அடித்த தாளை நகர்த்தி
பேனாவின் மூடியைக் கழற்றியே தந்தார்.
"பாளையங்கோட்டைல இவன மாதிரிப் பிள்ளைகளுக்குன்னே
பள்ளிக்கூடம் இருக்கும்மா.
மத்த பெத்தவங்களும் ஒருமாதிரி பேசுதாவ.
உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

எனக்கென்று ஒரு விருப்பம் இருப்பதை
அதுவரை யாரும் எழுதிக்கூடக் காட்டியதில்லை.

நாளைக்குக் கையெழுத்துப் போடுதேன் என்று வந்துவிட்டேன்.
இவன் அப்பா லாரியில், நாமக்கல் தாண்டி.
"போட்டுக் குடுத்துரு பிரமு, எதுக்கு வம்பு?"

போன ஐப்பசியில் மூன்று சக்கர வண்டியில் ஒருத்தர் வந்து
சட்டப் புத்தகங்கள் நகல் எடுத்தார்.
சில பக்கம் கோணலாய் விழுந்தது.
கழித்ததை எறியாமல்
பின்பக்கம் கடைக்கணக்கு எழுதி வந்தேன்,
டோனர், நூல்கண்டு, மோகனாவுக்குக் கைமாற்று இருநூறு.
ராத்திரி திருப்பினேன்.
கல்வி உரிமைச் சட்டம், பிரிவு பதினாறு,
எட்டு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது.
இன்னொரு தாள், மாற்றுத்திறனாளிகள் சட்டம்,
அதிலும் பதினாறு,
பாகுபாடின்றிச் சேர்த்து எல்லாரோடும் படிக்க வை என்று.
வரியின் வால் ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தது,
போதும், புரிந்தது.

பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று
கல்யாணத்தில் அரிசி எறிந்தார்கள்.
எவை பதினாறு என்று ஒருத்தரும் சொல்லவில்லை.
இரண்டை நானே கண்டுபிடித்தேன்,
மோகனாவின் இருநூறுக்குப் பின்னால்.

நகல் எடுத்தேன். முதலாளி கடை,
கல்லாவில் நாலு ரூபாய் போட்டேன்.

"சார், காரணத்தை எழுத்துல தாங்க.
பையனுக்கு என்ன மாத்திக் குடுத்துப் பாத்தீங்க,
மணியைத் தள்ளி மாட்ட முடியாதா,
அதையும் எழுதுங்க. தேதி, கையெழுத்து, சீல்.
இது என் மனு. ரெண்டாம் பிரதில
பெற்றுக்கொண்டேன்னு ஒரு வரி."

டீயில் ஆடை படர்ந்தது.
"தாளாளரைக் கேக்கணும்மா."
கேளுங்க சார், நான் இருக்கேன்.
பேனாவை மூடி அவர் பக்கமே வைத்தேன்.
என் குரல் நடுங்கியது, பொய் சொல்ல மாட்டேன்.

சீல் இன்னும் விழவில்லை. மணியும் அங்கேயேதான்.
ஒன்பது இருபதுக்கு
காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே,
வேப்பமூட்டுக் கல்லில் ஏறி நின்று
கையைத் தூக்குகிறேன்.
இரண்டாவது சன்னல்.
பார்க்கிறானா,
வெயில் கண்ணாடியில் அடிக்கிறது.