ஓர் எல்

புளியரைச் சோதனைச் சாவடிக்கு நாற்பது அடி தள்ளி
என் கடை. ஒரு மேசை, ஒரு பிரிண்டர்,
எழுத்து அழிந்த விசைகளோடு ஒரு மடிக்கணினி.
மலையேறும் லாரிகளுக்கு இ-வே பில் எடுத்துக் கொடுப்பேன்.
வழியில் படுத்த வண்டியிலிருந்து
வேறு வண்டிக்குச் சரக்கு மாறினால்
எண்ணை மாற்றிக் கொடுப்பேன்.
நான்கு ஜிபி போதும் என்றுதான் வாங்கினேன்.
அது எட்டு வருடத்துக்கு முந்தைய போதும்.

இப்போதெல்லாம் ஒரு பக்கம் திறப்பதற்குள்
டிரைவர் டீ குடித்து, டம்ளரைக் கொடுத்து,
குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்று
நிற்கிற எல்லோரிடமும் விசாரித்து முடித்துவிடுகிறார்.

தென்காசியில் வாங்கினேன், எட்டு ஜிபி ஒன்று.
பச்சைப் பலகை, கறுப்புச் சில்லுகள், தங்கப் பல்வரிசை.
"டிடிஆர் த்ரீதானேக்கா, சேந்துரும்" என்றான் பையன்.
ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கி,
ஒன்பது திருகுகளைப் பவுடர் டப்பா மூடியில் போட்டு,
காலியாய்க் கிடந்த இரண்டாம் குழியில்
சாய்த்துச் சொருகி அழுத்தினேன்.
இரண்டு பக்கமும் கொக்கி கடித்தது.
வெட்டு வெட்டோடு உட்கார்ந்தது,
ஒன்றுக்கென்றே இன்னொன்றைச் செய்ததுபோல.

பொத்தானை அழுத்தினால்
திரை கறுப்பு.
விசிறி சுற்றி, நின்று, மறுபடி சுற்றி.
பீப். பீப். பீப்.

பொருந்துவது வேறு, ஒத்துப்போவது வேறு.
பதினோரு மாதத்தில் முடிந்த என் கல்யாணம்கூட
இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

மறுநாள் கேரளா பஸ்.
ஆரியங்காவு, தென்மலை, வளைவுக்கு வளைவு
மடிக்கணினி நிஜமாகவே மடியில்.
புனலூரில் லைஜுவின் கடைக்கு
ரப்பர் ஷீட் வாடை அடிக்கும் படியேறிப் போகவேண்டும்.
"ஓர்ம கூட்டணும், அல்லே?" என்றார்.

எங்கள் பக்கம் ஓர்மை என்றால் ஒன்றுபட்டிருப்பது.
அவர்கள் பக்கம் ஞாபகம்.
எதைக் கூட்டுவதாகச் சொல்கிறார் என்று விழித்தேன்.
பிறகு தலையாட்டினேன்,
இரண்டும் வேண்டித்தானே வந்திருந்தேன்.

பழைய பலகையைக் கழற்றி
ஒட்டியிருந்த சீட்டை லென்ஸில் படித்தார்:
பிசி மூன்று எல்.
என்னுடையதைப் படித்தார்: பிசி மூன்று.
அவ்வளவுதான்.
புதியதற்கு ஒன்றரை வோல்ட் வேண்டும்,
உங்கள் போர்டு ஒன்று புள்ளி மூன்று ஐந்தோடு நிறுத்திக்கொள்ளும்.
குறைவாகக் கேட்பவர்களுக்குத்தான் அந்த எல்
என்று பாதித் தமிழில் சொல்லி முடித்தார்.

ஒரே எழுத்து.
எண்ணில் ஓர் எழுத்து தப்பி
சாவடி வெளிச்சத்தில் விடியவிடிய நின்ற வண்டிகளை
எனக்குத் தெரியும்.
எல்லை என்ற சொல்லின் வாசலிலேயே
ஓர் எல் நிற்கிறது.
தினம் நாற்பது தடவை தட்டச்சு செய்தும்
கண்ணில் பட்டதில்லை.

பழைய சரக்கு டப்பாவைக் கிளறி ஒன்றை எடுத்தார்.
எல் இருந்தது. ஆனால் வேகம் கூடுதல்.
இது ஓடுகிற ஜாதி, உங்களுடையது நடக்கிற ஜாதி,
சேர்த்துப் போட்டால் ஓடுகிறதும் நடக்கும்,
சம்மதமா?
நடக்கட்டும் என்றேன்.
மலைச்சாலையில் யாருக்காகவும் யாரும்
மெதுவாகத்தானே போகிறார்கள்.
எண்ணூறு ரூபாய். பேரம் பேச வெட்கமாக இருந்தது,
பேசினேன், எழுநூற்றைம்பது.

தென்காசிப் பையன் திருப்பி எடுக்கவில்லை.
எல் இல்லாத அந்தப் பலகை இப்போது
ரசீதுப் புத்தகத்தில் அடையாளத்துக்கு இருக்கிறது.
அந்த இடத்தில் அது கச்சிதம்.

அன்று சாயங்காலமே கோமதிசங்கர் வந்தார்.
கோவில்பட்டித் தீப்பெட்டி, கொல்லத்துக்கு.
இலத்தூர் பக்கம் அச்சு முறிந்து வேறு வண்டி.
தட்டினேன், பக்கம் சட்டென்று திறந்துகொண்டது.
அவர் டீக்குச் சொல்லக்கூட இல்லை.
"புது வண்டி நம்பர் சொல்லுங்க" என்றேன்.
வாயைத் திறந்தார். மூடினார்.
ஞாபகம் இல்லை.
லாரியின் நெற்றியைப் படித்துவர
லுங்கியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

பன்னிரண்டு ஜிபியும்
கட்டத்துக்குள் கண்சிமிட்டிக்கொண்டு
காத்திருந்தன.