ஏழரை

பதினைந்தின் கீழ் எட்டு என்று எழுதினால்
யாருக்கும் புரியாது.
ஏழரை என்றால் ஊருக்கே புரியும்.
பேண்டுக்கும் முதல் ஆல்பத்துக்கும்
பேர் வந்தது அப்படித்தான்.

மேலப்பாளையத்தில் பீடி இலைக் குடோன்.
மூன்று சுவருக்கும் சாக்கு அடுக்கு,
எதிரொலி வராது,
புகையிலைத் தூள் வரும்.
இரண்டாம் பாட்டின் நான்காம் நிமிடத்தில்
நான் தும்முவதைக் கேட்கலாம்.
சுருதி சேர்ந்திருந்தது, விட்டுவிட்டோம்.

மீரான் ஷார்ஜாவிலிருந்து ஊத் கொண்டுவந்தான்,
பாதி வெட்டிய பூசணிக்கு நரம்பு கட்டியதுபோல் ஒன்று.
கீபோர்டின் வெள்ளைக் கட்டைக்கும் கறுப்புக் கட்டைக்கும்
நடுவே ஒரு சுரம் இருப்பதாகச் சொன்னான்.
கிளாட்சன் நம்பவில்லை.
கிடார் கம்பியை விரலால் இழுத்து இழுத்து
மூன்று கம்பி அறுத்த பிறகு
நம்பினான்.

ஆவுடையப்பனுக்குப் பகலில் பிளெக்ஸ் வேலை.
கண்ணீர் அஞ்சலி முகத்தையும்
பூப்புனித நீராட்டு முகத்தையும்
ஒரே ஏணியில் ஏற்றுகிறவன்.
ராத்திரி டிரம்ஸில் ஏழு எண்ணுவான்,
எட்டாவதை வாயருகே கொண்டுபோய்
பாதியில் கடித்துத் துப்புவான்.
அந்தப் பாதியில் நாங்கள் விழுந்துகொண்டே இருந்தோம்
ஆறு மாதம்.

வில்லுப்பாட்டுக் குடம் அடிக்க
பணகுடியிலிருந்து சொர்ணத்தாய்.
மணிக்கு ஐந்நூறு, பஸ் சார்ஜ் தனி,
அட்வான்ஸ் முதலில்.
இரண்டு சுற்று கேட்டாள்.
"ஒத்தச் செருப்பு அந்தவ
நடந்து போற மாதிரில்லா இருக்கு" என்றாள்.
மூன்றாம் சுற்றில் குடத்தின் வாயில்
பட்டையை இறக்கினாள்.
மெட்ரோனோமை அணைத்துவிட்டோம்.

பேட்டையில் அட்டை அடித்தது
கல்யாணப் பத்திரிகைக் கடை.
"ஏழரைன்னு பேர் வச்சா வெளங்குமாவே?"
கேட்காமலே மேலே பிள்ளையார் சுழி போட்டு,
முந்நூறு அட்டைக்கும்
நாலு மூலையில் மஞ்சள் தடவிக் கொடுத்தார்.
"அப்போ முகூர்த்தம் ஏழரைக்குத்தான்"
என்றான் மீரான்.

வேனில் திரும்பும்போது
தச்சநல்லூர் கேட் பூட்டிக் கிடந்தது.
கடைசிப் பாட்டைப் போட்டோம்,
பதினேழு நிமிடம்.
கூட்ஸ் வண்டி வந்து போனது.
அதன் தடதடப்பு எங்கள் தாளத்தோடு சேரவில்லை.
சேராததிலும் ஒரு அழகு இருந்தது என்று
சொல்ல ஆசைதான்,
இல்லை.

கொய்யாப்பழம் விற்கிறவர் கண்ணாடியைத் தட்டினார்.
"சிடி மாட்டுது பாருங்க, தாவுது.
துணி வச்சுத் துடைச்சுப் போடுங்க."

ஆவுடையப்பன் இறங்கினான்.
எந்த இடத்துலண்ணே?

அவர் கூடையைக் கீழே வைத்தார்.
தலையைச் சாய்த்துக் காத்திருந்தார்.
விரல் உயர்ந்தது.
"இந்தா."

அதே அரை.

கேட் திறந்தது.
பின்னால் பாபநாசம் பஸ்
ஹாரனிலிருந்து கையெடுக்கவில்லை.
எங்களில் யாரும் வண்டியை எடுக்கவில்லை.

"இந்தா," என்றார் மறுபடி,
"இப்பவும்."