படி பதினேழு

பீனியா இரண்டாம் கட்டத்தில்
காருக்கு நரம்பு கட்டும் வேலை எனக்கு.
காரைப் பார்த்ததில்லை.
பலகை நிறைய ஆணிகள், ஆணிகளுக்கிடையே வயர்கள்,
சிவப்பு, மண்ணிறம், பச்சையில் மஞ்சள் கோடு.
கதவுக்குப் போவதைக் கதவுப் பக்கம் பிரித்து
கறுப்பு டேப்பைப் பாதிக்குப் பாதி ஏற்றிச்
சுற்றிக்கொண்டே வரவேண்டும்.
ஒரு கொத்துக்கு ஆறு நிமிடம்.

சேர்ந்த வாரம் ஒரு படம் போட்டுக் காட்டினார்கள்.
பேச்சும் கிடையாது முகமும் கிடையாது,
இரண்டு கைகள்.
போர்ச்சுகல்காரி என்றார் சிவலிங்கையா.
அங்கே மூடி இங்கே திறந்த ஆலை,
பலகைகூட அங்கிருந்து கப்பலில் வந்ததுதான்.
அவள் மோதிர விரலில்
மோதிரம் இருந்த இடம் மட்டும்
வெளுத்துக் கிடந்தது.

நான்காம் நிமிடத்தில் டேப்பைக் கீழே வைத்துவிட்டு
வலக்கையை இரண்டு தரம் உதறுவாள்,
கழுவிய கையை உதறுகிற மாதிரி.
பிறகு மறுபடி எடுப்பாள்.
நாங்களும் உதறினோம்.
நாற்பது பெண்கள், ஒரே நேரத்தில், இரண்டு தரம்.
எதுக்கு இது என்று கேட்டாள் ருபீனா.
பிசின் போறதுக்கு என்றாள் ஜெயசீலி.
ஸ்டாட்டிக் கரண்ட் என்றார் சிவலிங்கையா,
நோட்டில் எழுதியும் வைத்தார்:
படி பதினேழு.

ஆறு வருஷம் கழித்து ஒரு ராத்திரி
ஸ்ரீராமபுரத்து வீட்டில் சோற்றை வடிக்கும்போது
கட்டைவிரல் அடியிலிருந்து முழங்கை வரை
யாரோ கம்பி இழுத்தார்கள்.
பானையை வைத்தேன்.
வலக்கையை உதறினேன்,
இரண்டு தரம்.
கஞ்சி ஆறும்வரை
அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

போன திங்கட்கிழமை சொன்னார்கள்.
பலகைகளுக்குப் பெட்டி அடித்தாயிற்று.
எந்த நாடு என்று வாயைத் திறக்கவில்லை,
"அங்கே" "அங்கே" என்றே பேசினார்கள்.
அங்கே ஒருத்தியின் ஒரு மணி நேரம்
நம் கேன்டீன் டீயும் பன்னும் விலையாம்.
கேட்டில் ஒருவன் கத்தினான்,
நம்ம சோத்துல கை வைக்கிறாளுங்க அந்த ஊர்க்காரிங்க.
எல்லாரும் ஆமா என்றார்கள்.
நானும் வாயெடுத்தேன்.
போர்ச்சுகலில் ஏதோ ஒரு கேட்டில்
என்னை என்னவென்று ஏசியிருப்பார்கள்?

மறுநாள் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள்.
உன் கை நிதானமானது என்றார் சிவலிங்கையா.
வளையலைக் கழற்றவேண்டும்,
அங்கே குழப்பம் வரக்கூடாதாம்.
சோப்பு போட்டுக் கழற்றினேன்.
கேமரா என் தலைக்கு மேலே
எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான்காம் நிமிடம்.
டேப்பை வைத்தேன், உதறினேன்.
கட் என்றான் படம் பிடிக்கிற பையன்.
அது வேணாம்க்கா, நாலு செகண்ட் வேஸ்ட்.
மறுபடி எடுத்தான்.
மறுபடியும் உதறினேன்.
அவன் சலித்துக்கொண்டு திரும்ப,
சிவலிங்கையா நோட்டைப் புரட்டினார்.
இர்லி பிடப்பா, இருக்கட்டும்,
அது படி பதினேழு.

இந்தக் கைகள் வரும் படம் கம்பெனிக்கே சொந்தம்
என்று ஒரு தாள் நீட்டினார்கள்.
அந்தக் கையாலேயே கையெழுத்துப் போட்டேன்.

எல்லாரும் போன பிறகு
சிவலிங்கையா விளக்குகளை அணைத்துக்கொண்டே வந்தார்.
அவருக்கும் வெள்ளிக்கிழமையோடு சரி.
பாதி இருட்டில் கேட்டார்,
ஏம்மா, அது ஸ்டாட்டிக்தானே?
ஆமா சார் என்றேன்.

வளையலைப் போடப் பார்த்தேன்.
இடக்கைக்கு ஏறியது.
வலக்கையில் கட்டைவிரல் மேட்டைத் தாண்டவில்லை,
சோப்பு போட்டும்.
மூன்றையும் டிபன் பைக்குள் போட்டுக்கொண்டேன்.
யஷ்வந்த்பூர் தாண்டும்வரை
காலி டப்பாவில் மோதி
என்னவோ சொல்லிக்கொண்டே வந்தன.