ஐந்து ரூபாக் குத்தி

ஐப்பசி பிறந்து மூன்றாம் நாள்
மதியச் சாப்பாட்டு மணிக்குள்
மகன் தொலைபேசியில் சொன்னான்:
"அம்மா, கிணத்தடியில மஞ்சள் வண்ணத்துப்பூச்சி.
நிறைய. ஐஞ்சு ரூபாக் குத்தி அளவு."

ஆடைத் தொழிற்சாலை பஸ்
வட்டக்கச்சிச் சந்திக்கு வரும்போது விடிந்திருக்காது.
திரும்ப இறக்கிவிடும்போது இருட்டியிருக்கும்.
கிழமையில் ஆறு நாள்
என் வளவு எனக்குக் கேள்விப்பட்ட ஊர்.
கத்தரி பூத்ததாம்.
வாய்க்கால் பக்க வேலி மழைக்குச் சாய்ந்ததாம்.
இப்போது வண்ணத்துப்பூச்சியாம்.

வியாழன் அன்று சுகாதாரப் பரிசோதகர் வந்து
தாள் ஒன்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்:
டெங்கு. ஏழு நாள். வளவைத் துப்புரவாக்கவும்.
தவரூபன் கத்தியைத் தீட்டி
கதவோரம் சாத்தி வைத்தார்.
"ஞாயிறு மட்டும் பொறுங்கோ" என்றேன்.
"ஏன், பத்தையோட கதைக்க ஏதும் இருக்கோ?"

ஞாயிறு, பத்து மணி வெயில்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு புல் அசைந்தது, காற்றில்லாமல்.
முழங்காலுக்கு மேலே ஏற மனமில்லாத பறப்பு.
முதல்நாள் மெசினில் இருத்திய பிள்ளையின் தையல்போல
எங்கேயோ தொடங்கி
எங்கேயோ இழுபட்டு
துணியை விட்டே வெளியே போய்
திரும்பி வந்தது.
இறகு விரித்தால் ஓரத்தில்
மடித்து அடித்ததுபோல் ஒரு கறுப்பு.
மூடினால் பழுத்த இலை.

மணிக்கு நூற்றிருபது துண்டு
எண்ணிக் கட்டும் கை இது.
பதினொன்றுக்கு மேல் எண்ண முடியவில்லை.
பன்னிரண்டாவது
முதலாவதாகவே இருந்தது.

அவை சுற்றியதெல்லாம் ஒரே இடம்.
கிணற்றுக்குப் பின்னால்
பங்கர் மூடிய பள்ளம்.
மண் போட்டுப் போட்டும் ஒரு சாண் தாழ்வு.
நாங்கள் அதில் ஒன்றும் நடுவதில்லை.
மழைக்குத் தகரை தானாக வந்து நிறைந்திருந்தது.
ஒரு பூச்சி வயிற்றை வளைத்து
இலையைத் தொட்டுவிட்டு எழும்பியது.
குனிந்து பார்த்தேன்:
ஊசி நுனியால் வைத்த ஒரு வெள்ளை.

அன்றைக்கு எல்லாவற்றையும் துப்புரவாக்கினோம்.
சிரட்டைகள், தயிர்ச்சட்டி, பழைய டயர்,
மகன் தவளை வளர்த்த பெயின்ற் வாளி.
தவரூபன் கத்தியோடு பள்ளத்தடிக்குப் போனார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
நின்றார். திரும்பி வந்து
வேலியைக் கட்டினார்.

புதன் இரவு வீட்டுக்கு வர
சுளகில் குவியலாகத் தகரை இலை.
"அந்தாள் வந்தவர். உதென்ன பத்தை எண்டார்.
கறிக்கு எண்டு சொல்லிப்போட்டன்.
இனி அதை உண்மையாக்கவேணும்,
வறுத்துத் தாரும்."

சிரித்து முடிந்தபின்
இலை இலையாக பல்புக்கு நேரே பிடித்தேன்,
பிழைத் தையல் தேடுகிற மாதிரி.
நாற்பத்தி எத்தனையோ இலைக்குப் பிறகு
ஒன்றில் அந்த வெள்ளை.

தொழிற்சாலை வாசலில் பையைச் சோதிப்பார்கள்.
சட்டைக் கையில் ஒட்டிவந்த நூலை
யார் கேட்கப் போகிறார்கள்.
அதை உரித்தெடுத்தேன்.
மகன் டோர்ச் பிடிக்க
இலைக்காம்பைத் தண்டோடு சேர்த்து
இரண்டு சுற்று, ஒரு முடிச்சு.
"இனிப் பொரிக்குமோ அம்மா?"
தெரியாது. பிடுங்கின இலை வாடத்தான் செய்யும்.
அவன் கை தளர்ந்து வெளிச்சம் சரிந்தபோது
பக்கத்து இலையின் அடியில்
இறகு மூடித் தொங்கியபடி ஒன்று.
ஐந்து ரூபாவுக்கு இப்போது
கடையில் ஒரு டொபிகூட வராது.

தூறத் தொடங்கியது.
டோர்ச்சை அணைத்தோம்.

வறை கொஞ்சம் கசந்தது.
சட்டியில் மிச்சம் வைக்கவில்லை.