நிழல் எடுத்தல்

நகரசபைக்கு வரும் இங்கிலீஷ் கடிதங்கள்
இப்போது மாதம் ஒன்றோ இரண்டோ.
அதில் ஒன்று எப்போதும் வஸ்தியாம்பிள்ளையுடையது.
டொக்யார்டில் முப்பத்தொரு வருஷம் கணக்கெழுதியவர்,
வெள்ளைக்காரன் விட்டுப்போன சொற்களை
இன்னும் பூச்சியுருண்டை போட்டு வைத்திருக்கிறார்.

"உப்புவெளியில் என் வளவுக்குக் கிழக்கே
மூன்று மாடி எழும்புவதையிட்டு
நான் அம்ப்ரேஜ் எடுக்கிறேன்."
தட்டச்சில் அடித்து, அந்தச் சொல்லுக்குக் கீழே
பேனையால் ஒரு கோடு.
அதைத் தமிழாக்குவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அகராதி முதலில் சொன்னது: மனத்தாங்கல்.
அடியில், சின்ன எழுத்தில்: நிழல்.
லத்தீனில் உம்ப்ரா. அம்ப்ரெல்லாவும்
அந்த வயிற்றுப் பிள்ளைதான்.
மரத்தடி இருட்டாய்க் கிடந்த சொல்
பிரெஞ்சுக்காரரிடம் போய்,
நிழலுக்கு மிரளும் குதிரையின் குணமாகி,
சந்தேகமாகி,
கடைசியில் கப்பலேறி வந்து
ஒரு கிளாக்கரின் கோபமாகியிருக்கிறது.

எனக்குச் சிரிப்பு வந்தது.
சித்திரை வெயிலில் கோட்டை மான்கள்கூட
பஸ்நிலையத்தில் ஒதுங்கி நிற்கும் ஊரில்
நிழலைக் குறையென்று யார் எழுதுவான்?
நம்முடையது மனஸ்தாபம். தாபம் என்றால் வெக்கை.
நமக்கு உள்ளே எரியவேண்டும்.
அவர்களுக்கு யாரோ வெயிலை மறைத்தால் போதும்.

"நிழல் எடுக்கிறேன்" என்று எழுதி வெட்டினேன்.
"கோபிக்கிறேன்" சரிவராது,
அவர் கோபிக்கிறவர் அல்ல, கடிதம் எழுதுகிறவர்.
"என் முகம் கறுத்தது" என்று எழுதியதும்
பேனை நின்றது.
கறுப்பு.
நம்முடைய முகத்திலும் விழுந்துதான் இருக்கிறது அது,
எந்த லத்தீனிடமும் கடன்படாமல்.

செவ்வாய் காலை ஒன்பதரைக்கு இடம்பார்க்கப் போனோம்.
கடல் இருந்த பக்கம் சீமெந்துச் சுவர்,
கண்ணாடி போடாத ஜன்னல் ஓட்டைகள்.
அதன் நிழல் முற்றத்தைக் கடந்து
கிணற்றுக்கட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.
நிழலுக்குள் நாலு பிளாஸ்டிக் கதிரை,
ஒரு ஜக் தேசிக்காய்த் தண்ணி,
நடுவில் வஸ்தியாம்பிள்ளை.
பேசப் பேச நிழல் குறுகியது.
அவரும் கதிரையைக் கொஞ்சம் கொஞ்சமாய்
சுவர்ப்பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தார்.

"கடலைப் பாத்து நாப்பது வருஷம்
சவரம் செய்தனான், பிள்ளை."
அதைச் சொல்லும்போது மட்டும்
அவருக்கு இங்கிலீஷ் வரவில்லை.

அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு
நான் வெயிலில் நின்றேன்.

பைலில் அந்த ஒரு சொல்லுக்கு மட்டும்
இன்னும் இடம் விட்டுவைத்திருக்கிறேன்.
வியாழன் கெடு.